இன்று தொட்டால் இருபது ஆண்டு கழித்துத் தாக்கும்!

தொழிற் கூடத்து ரசாயனங்களும் புற்று நோயும்

பாம்பு கடித்தால் உடனே தெரியும். தேள் கொட்டினால் உடனே வலிக்கும். திராவகம் பட்டால் அந்த நிமிடமே தோல் வெந்து போகும். ஆகவே இவற்றைக் கண்டால் மனிதன் பயப்படுகிறான், விலகி ஓடுகிறான்.

ஆனால், தொட்டாலும் வலிக்காத நஞ்சு உண்டு. முகர்ந்தாலும் மயக்கம் தராத நஞ்சு உண்டு. சிலவற்றின் வாசனை நன்றாகக் கூட இருக்கும்! அதனோடு ஒருவர் 10 ஆண்டு பழகுவார். "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே!" என்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்து, பேரன் பேத்தியைக் கொஞ்சும் நேரத்தில் நோய் வந்து நிற்கும்.

அதுதான் தொழிலால் வரும் புற்று நோய்.

தார், சாயம், பசை, பெயிண்ட், பெட்ரோல், ஆஸ்பெஸ்டாஸ் தூசு... இவை இல்லாத ஊர் எது? இவற்றில் பலவற்றுக்கும் புற்று நோய்க்கும் தொடர்பு உண்டு என்பது உறுதியாகி விட்டது. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்று நோய் ஆராய்ச்சி நிலையம், பிரான்ஸ் நாட்டில் லியோன் நகரில் இருக்கிறது. 1965-ல் தொடங்கப்பட்டது. "மனிதனுக்குப் புற்று நோய் தருபவை" என்று 120-க்கும் மேற்பட்டவற்றை அது பட்டியல் போட்டிருக்கிறது. அவற்றில் தொழிற் கூடத்துப் பொருள்கள் ஏராளம்.

கேட்கவே பயமாக இருக்கிறதா? பயம் வேண்டாம். புற்று நோய் வந்த பலருக்கு அது ஏன் வந்தது என்று சொல்ல முடிவதில்லை. தொழிலால் வரும் புற்று நோய்க்குக் காரணம் தெரியும். காரணம் தெரிந்தால் தடுக்கலாம். தடுத்தும் காட்டி இருக்கிறார்கள்!

புகைப் போக்கியில் ஏறிய சிறுவர்கள்

இங்கிலாந்து குளிர் நாடு. அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு கணப்பு எரியும். நிலக்கரியைப் போட்டு எரிப்பார்கள். புகை வெளியே போகச் சுவருக்குள் நீண்ட புகைப் போக்கி இருக்கும். அதில் கரி படியும். அதைச் சுரண்டா விட்டால் தீப்பிடித்து விடும்.

புகைப் போக்கியோ மிகவும் குறுகலானது. பெரியவர்கள் நுழைய முடியாது. ஆகவே சிறுவர்களை ஏற்றினார்கள். ஐந்து, ஆறு வயதுப் பையன்கள்! ஏழைகளின் பிள்ளைகள், தாய் தகப்பன் இல்லாத அனாதைகள். சில சமயம் உடம்பில் துணி கூட இல்லாமல் ஏறுவார்கள். முழங்காலையும் முழங்கையையும் சுவரில் ஊன்றி ஊன்றி மேலே போவார்கள். கரி உடம்பெல்லாம் அப்பிக் கொள்ளும். குளிப்பது எப்போதோ ஒரு நாள். கரி மூட்டையையே போர்த்திக் கொண்டு தூங்குவதும் உண்டு.

இந்தப் பையன்கள் வளர்ந்து வாலிபர் ஆனதும் பலருக்கு விதைப் பையில் ஒரு புண் வந்தது. ஆறவே ஆறாது. பரவும். கடைசியில் ஆளையே கொன்று விடும். "இது பெண்களிடம் போய் வாங்கி வந்த வியாதி" என்று எல்லோரும் தூற்றினார்கள்.

லண்டன் நகரில் செயின்ட் பார்தலோமியூ ஆஸ்பத்திரியில் பெர்சிவல் பாட் என்ற அறுவை டாக்டர் இருந்தார். 1775-ல் அவர் உண்மையை எழுதினார். "இது அந்த வியாதி அல்ல. தோலின் மடிப்பில் தங்கும் கரியால் வருவது" என்பது அவர் சொன்ன செய்தி. செய்யும் வேலையே புற்று நோய்க்குக் காரணம் ஆகலாம் என்று விளங்க வைத்தவர் அவர்தான்.

உண்மை தெரிந்து விட்டது. உடனே நிறுத்தினார்களா? அதுதான் இல்லை!

1788-ல் ஒரு சட்டம் வந்தது. 8 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக் கூடாது என்றது. யாரும் மதிக்கவில்லை. 1803-ல் ஜார்ஜ் ஸ்மார்ட் என்பவர் கீழே நின்றபடியே புகைப் போக்கியைச் சுத்தம் செய்ய நீண்ட பிரஷ் ஒன்றைச் செய்து காட்டினார். பையனை ஏற்ற வேண்டிய தேவையே இல்லை. அப்படியும் பெரிய வீட்டுக்காரர்கள், "பிரஷ் சரியாகச் சுரண்டாது" என்று சொல்லிப் பையன்களையே ஏற்றினார்கள். 1875-ல் கடுமையான சட்டம் வந்த பிறகுதான் இந்தக் கொடுமை ஒழிந்தது.

டாக்டர் சொல்லி 100 ஆண்டு! கருவி கிடைத்து 72 ஆண்டு! இடையில் எத்தனை உயிர்கள்?

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. 1892-ல் ஹென்றி பட்லின் என்ற டாக்டர் ஒப்பிட்டுப் பார்த்தார். ஐரோப்பாவின் மற்ற நாடுகளிலும் புகைப் போக்கி சுத்தம் செய்பவர்கள் இருந்தார்கள். அங்கே இந்த நோய் அபூர்வம். ஏன்? அவர்கள் கழுத்து முதல் கால் வரை இறுக்கமான உடை போட்டுக் கொண்டார்கள். வேலை முடிந்ததும் தினமும் உடம்பைக் கழுவினார்கள். அவ்வளவுதான்! கரி ஒன்றுதான். தண்ணீரும் உடையும் உயிரைக் காத்தன.

முயலின் காதில் தடவிய தார்

கரியிலும் தாரிலும் அப்படி என்ன இருக்கிறது? இதைச் சோதித்துக் காட்டியவர்கள் ஜப்பானியர்கள். டோக்கியோவில் யமகிவா, இச்சிகவா என்ற இரு அறிஞர்கள் முயல்களின் காதில் நிலக்கரித் தாரைத் தடவினார்கள். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. மாதக் கணக்கில் திரும்பத் திரும்பத் தடவினார்கள். காதில் புற்று நோய் உண்டாயிற்று. 1915-ல் இதை உலகுக்கு அறிவித்தார்கள். ரசாயனத்தைப் பூசியே புற்று நோயை வரவழைக்கலாம் என்று நிரூபணம் ஆயிற்று.

பிறகு லண்டன் ஆராய்ச்சியாளர்கள் 2 டன் தார்க் கட்டியை வடித்து, அதில் ஒளிந்திருந்த நஞ்சைப் பிரித்து எடுத்தார்கள். அது 1933-ல். அதன் பெயர் பென்சோ பைரீன். கரியிலும், தாரிலும், பீடி சிகரெட் புகையிலும், ஓடித் தேய்ந்த எஞ்சின் ஆயிலிலும் அது இருக்கிறது.

முயலுக்குக் கூட மாதக் கணக்கில் தடவ வேண்டி இருந்தது என்பதைக் கவனியுங்கள். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். நம் உடம்பு கோடானு கோடி நுண்ணிய அணுக்களால் ஆனது. ஒவ்வோர் அணுவுக்குள்ளும், எப்போது வளர வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்ற கட்டளை இருக்கிறது. ரசாயனம் அந்தக் கட்டளையைச் சிறிது சிறிதாகக் கெடுக்கிறது. ஒரு நாள் ஏதோ ஓர் அணு, நிற்க மறந்து பெருகத் தொடங்குகிறது. அது கட்டியாகி வெளியே தெரிய 10, 20, 30, சில நோய்களில் 40 ஆண்டு கூட ஆகிறது.

ஆகவேதான் தொழிலாளி ஏமாந்து போகிறார். இன்று வலி இல்லை என்பதால் இன்று ஆபத்து இல்லை என்று எண்ணி விடுகிறார்.

சாயத்தில் இருந்த சனி

கரிக்கும் தாருக்கும் அடுத்தபடி மாட்டியவர்கள் சாயத் தொழிலாளர்கள். 1856-ல் பெர்க்கின் என்ற ஆங்கில இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து ஊதா நிறச் சாயம் எடுத்தார். பிறகு சிவப்பு, நீலம், பச்சை என்று நூற்றுக் கணக்கில் சாயங்கள் வந்தன. உலகமே வண்ண மயம் ஆயிற்று.

1895-ல் ஜெர்மனியில் பிராங்பர்ட் நகரில் லுட்விக் ரேன் என்ற டாக்டர், சாயத் தொழிற்சாலையில் வேலை செய்த சிலருக்குச் சிறுநீர்ப் பையில் கட்டி இருப்பதைக் கண்டார். பின்னர் வந்த ஆராய்ச்சிகளில் பென்சிடின், பீட்டா நாப்தைலமின் என்ற இரண்டும் கொடிய குற்றவாளிகள் என்று தெரிந்தது. பிரிட்டனில் ஓர் ஆலையில் பீட்டா நாப்தைலமினைக் காய்ச்சி வடிக்கும் வேலை பார்த்த அத்தனை பேருக்கும் சிறுநீர்ப் பையில் புற்று நோய் வந்தது.

சாயம் கையில் படுகிறது. நோய் ஏன் சிறுநீர்ப் பையில் வருகிறது? தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் போன நஞ்சை ரத்தம் சுமந்து செல்கிறது. சிறுநீரகம் அதை வடிகட்டிச் சிறுநீரோடு அனுப்புகிறது. சிறுநீர் மணிக் கணக்கில் பையில் தங்குகிறது. நஞ்சும் அங்கேயே தங்குகிறது!

இந்தப் பாடம் நம் ஊருக்கும் வந்து சேர்ந்தது. உடம்பில் போய்ப் பென்சிடின் போன்ற நஞ்சாகப் பிரியக் கூடிய சாயங்களை 1994-ல் ஜெர்மனி தடை செய்தது. அங்கே துணி அனுப்ப வேண்டுமானால் சாயத்தை மாற்றியே ஆக வேண்டும். திருப்பூரும் கரூரும் மாறின. இந்தியாவும் 1997-ல் இப்படிப்பட்ட 70 சாயங்களைத் தடை செய்தது. ஜெர்மன்காரர்கள் தங்கள் தோலை நினைத்துத் தடை போட்டார்கள். அதனால் அதிக நன்மை பெற்றவர்கள், சாயத் தொட்டி அருகே நிற்கும் நம் தொழிலாளர்கள்!

காலணி தைத்தவர்கள்

துருக்கி நாட்டில் இஸ்தான்புல் நகரம். அங்கே சிறு சிறு அறைகளில் காலணி தைப்பார்கள். ஜன்னல் திறக்காத அறைகள். காலணியின் அடிப் பாகத்தை ஒட்டப் பசை வேண்டும். புதிதாக வந்த பசையில் பென்சீன் என்ற திரவம் கலந்திருந்தது. சீக்கிரம் காயும், விலையும் மலிவு.

முசாபர் அக்சாய் என்ற ரத்த நோய் டாக்டரிடம் காலணித் தொழிலாளர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். உடம்பு வெளுத்திருந்தது. ஈறில் ரத்தம் கசிந்தது. சிலருக்கு ரத்தப் புற்று நோய். 1967 முதல் 1973 வரை இப்படி 26 பேரை அவர் கண்டார். 1974-ல் கட்டுரை எழுதினார். பசையில் பென்சீன் கலப்பது நின்றது. நோயும் படிப்படியாகக் குறைந்தது. பசையை மாற்றினார்கள், வேறு ஒன்றும் செய்யவில்லை!

பென்சீன் நமக்கும் அந்நியம் அல்ல. நம் நாட்டில் விற்கும் பெட்ரோலில் 1 சதவீதம் வரை பென்சீன் இருக்கலாம். பெட்ரோல் வாசனையை ஆசையோடு இழுக்கும் குழந்தைகளைப் பார்த்திருப்பீர்கள். அவர்களைத் தடுங்கள்.

துணி துவைத்த மனைவி

"நான் தொழிற்சாலைக்கே போவதில்லை. எனக்கு என்ன?" என்று இல்லத்தரசிகள் கேட்கலாம். லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் நடந்ததைக் கேளுங்கள்.

நுரையீரலையும் குடலையும் சுற்றி இருக்கும் மெல்லிய சவ்வில் வரும் அபூர்வமான புற்று நோய் ஒன்று உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் தூசுதான் அதற்கு முக்கியக் காரணம். அந்த நோய் வந்த 76 பேரைப் பற்றிய ஆராய்ச்சி 1965-ல் வெளியாயிற்று. அவர்களில் 31 பேர் ஆஸ்பெஸ்டாஸ் வேலை செய்தவர்கள். வேறு 9 பேர் அந்த வேலைக்குப் போகாதவர்கள்; ஆனால் வேலைக்குப் போனவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். அவர்களில் பலர் செய்த வேலை, புருஷனுடைய தூசு படிந்த உடையைத் தினமும் உதறித் துவைத்ததுதான்!

நஞ்சு, தொழிலாளியின் சட்டையில் ஏறி வீட்டுக்கு வந்து விட்டது.

இதோடு பீடி சிகரெட்டும் சேர்ந்தால்? 1979-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ் வேலை மட்டும் செய்தவர் நுரையீரல் புற்று நோயால் சாகும் ஆபத்து, சாதாரண ஆளைப் போல் ஏறத்தாழ 5 மடங்கு. புகை மட்டும் பிடித்தவருக்கு ஏறத்தாழ 10 மடங்கு. இரண்டும் செய்தவருக்கு? 15 மடங்கு அல்ல, 50 மடங்கு! ஒன்றை ஒன்று பெருக்கி விடுகிறது.

"முடியாது" என்றார்கள், முடிந்தது!

பி.வி.சி. குழாய் இல்லாத வீடு இன்று உண்டா? அந்தப் பிளாஸ்டிக், வினைல் குளோரைடு என்ற வாயுவிலிருந்து செய்யப்படுகிறது. அமெரிக்காவில் லூயிவில் நகரில் குட்ரிச் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. பெரிய பெரிய கொப்பரைகளில் வாயுவைப் பிளாஸ்டிக் ஆக்குவார்கள். கொப்பரையின் உள்ளே அடை பிடிக்கும். தொழிலாளி உள்ளே இறங்கிக் கையால் சுரண்டுவார்.

அந்தத் தொழிற்சாலையின் டாக்டர் ஜான் கிரீச், ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். மிக மிக அபூர்வமான ஒரு வகை ஈரல் புற்று நோய், ஒரே தொழிற்சாலையில் 3 பேருக்கு வந்திருந்தது! 1974 ஜனவரியில் கம்பெனி இதை வெளியே சொன்னது.

அதுவரை 10 லட்சம் பங்கு காற்றில் 500 பங்கு வரை இந்த வாயு இருக்கலாம் என்பது சட்டம். சர்க்கார் அதை 1 பங்காகக் குறைத்தது. "இது நடக்காது. தொழிலே அழிந்து விடும். ஆயிரக் கணக்கானவர்களுக்கு வேலை போய் விடும்" என்று முதலாளிகள் கூக்குரல் எழுப்பினார்கள்.

1975-ல் சட்டம் அமலுக்கு வந்தது. தொழில் அழிந்ததா? இல்லை! கொப்பரைகளை மூடி, வாயு கசியாமல் செய்தார்கள். ஆளை இறக்காமல், வேகமாகப் பாயும் நீரால் அடையைக் கழுவினார்கள். அதற்குப் பின் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இந்த நோய் அநேகமாக வரவே இல்லை. பிளாஸ்டிக் தொழிலோ வளர்ந்து கொண்டே போயிற்று.

மூன்று வாசல்கள்

நஞ்சு உடம்புக்குள் போக மூன்று வாசல்கள் உண்டு. மூக்கு, தோல், வாய். தூசும் ஆவியும் மூக்கு வழியாகப் போகும். எண்ணெயும் சாயமும் தோல் வழியாக ஊறும். கழுவாத கையால் சோறு சாப்பிட்டால் வாய் வழியாகப் போகும்.

"வாசனை வந்தால் தெரிந்து விடுமே!" என்று நினைக்காதீர்கள். சில நஞ்சுகளின் வாசனை மூக்குக்கு எட்டும் முன்பே அவை அளவை மீறி விடும். பழகப் பழக மூக்கும் மரத்துப் போகும்.

எல்லா ரசாயனமும் புற்று நோய் தராது. தொட்டவர் எல்லோருக்கும் நோய் வராது. எவ்வளவு, எத்தனை நாள் என்பதைப் பொறுத்தது ஆபத்து. அளவைக் குறைத்தால் ஆபத்தும் குறையும். 10 ஆண்டு பழகியவர் கூட இன்று விலகினால் நன்மை உண்டு.

என்ன செய்ய வேண்டும்?

வரிசையாகப் பாருங்கள். மேலே இருப்பது அதிகப் பலன் தரும்.

1. நஞ்சையே விலக்குங்கள். பசையை மாற்றலாம். சாயத்தை மாற்றலாம். பெட்ரோலில் கழுவுவதைச் சோப்புத் தண்ணீரில் கழுவலாம்.

2. மாற்ற முடியாவிட்டால் மூடி வையுங்கள். தொட்டிக்கு மூடி, டப்பாவுக்கு மூடி, இயந்திரத்துக்குக் கூண்டு.

3. கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சி வெளியே அனுப்புங்கள். ஆவி தொழிலாளியின் முகத்தைத் தாண்டிப் போகக் கூடாது. தலைக்கு மேல் சுற்றும் விசிறி நஞ்சை அறை முழுவதும் பரப்பத்தான் செய்யும்.

4. தூசு பறக்கும் வேலையில் முதலில் தண்ணீர் தெளியுங்கள். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். காற்றுக் குழாயால் ஊதித் தள்ளாதீர்கள்.

5. கடைசியாகத்தான் முகமூடியும் கையுறையும். கைக்குட்டையைக் கட்டினால் ஆவி நிற்காது. தூசுக்கு ஒரு வகை முகமூடி. ஆவிக்குக் கரித்தூள் அடைத்த வேறு வகை. மெல்லிய ரப்பர் கையுறையைப் பெட்ரோலும் தின்னரும் ஊறிக் கடந்து விடும். எந்த வேலைக்கு எந்தக் கையுறை என்று கேட்டு வாங்குங்கள்.

இவை ஐந்தும் பெரும்பாலும் முதலாளியின் பொறுப்பு. தொழிலாளி தாமே செய்யக் கூடியவையும் உண்டு. வேலை இடத்தில் சாப்பிடாதீர்கள், பீடி குடிக்காதீர்கள். சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வேலை முடிந்ததும் குளியுங்கள். வேலை உடையை அங்கேயே மாற்றி விடுங்கள். வீட்டுக்குக் கொண்டு வரத்தான் வேண்டும் என்றால், உதறாமல் நீரில் நனைத்துத் தனியாகத் துவையுங்கள். குழந்தைகளின் துணியோடு சேர்க்காதீர்கள்.

உங்கள் தொழில் எது?

மெக்கானிக்: பெட்ரோலில் கை கழுவாதீர்கள். தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து விட்டுச் சோப்புப் போடுங்கள். டியூபை வாயில் வைத்துப் பெட்ரோல் உறிஞ்சாதீர்கள். எண்ணெய்த் துணியைக் கால்சட்டைப் பையில் செருகாதீர்கள். புகைப் போக்கிப் பையன்களுக்கு வந்த நோய் அப்படியும் வரலாம்.

பெயிண்டர்: ஜன்னல்களைத் திறந்து விட்டு வேலை செய்யுங்கள். பழைய பெயிண்டை உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேயுங்கள். தின்னரில் கையை அலம்பாதீர்கள்.

தச்சர்: மரத் தூளால் மூக்கின் உட்பகுதியில் புற்று நோய் வரலாம். இயந்திரத்தோடு தூள் உறிஞ்சும் கருவியைச் சேருங்கள். முகமூடி கட்டுங்கள்.

வெல்டர்: புகைக்கு மேலே தலையைக் குனியாதீர்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நிற்காதீர்கள், பக்கவாட்டில் வரட்டும். எவர்சில்வர் வெல்டிங்கில் குரோமியம் புகை கிளம்பும். அதற்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

குரோமிய முலாம் பட்டறை: தொட்டியின் விளிம்பிலேயே ஆவியை உறிஞ்சும் அமைப்பு வேண்டும்.

கூரை வேலை: ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்காதீர்கள். இயந்திர ரம்பத்தால் அறுக்காதீர்கள். வெட்டியே தீர வேண்டுமானால் நனைத்துக் கைரம்பத்தால் வெட்டுங்கள். 60-க்கும் மேற்பட்ட நாடுகள் ஆஸ்பெஸ்டாஸையே தடை செய்து விட்டன. புதிய வீட்டுக்கு வேறு கூரை போடுவது நல்லது.

டீசல் எஞ்சின் வேலை: மூடிய அறையில் எஞ்சினை ஓட விடாதீர்கள். டீசல் புகை 2012-ல் பட்டியலில் ஏறி விட்டது.

இந்த அறிகுறிகள் கண்டால்...

சிறுநீரில் ரத்தம் வந்தால், வலி இல்லாவிட்டாலும், ஒரு முறைதான் வந்தது என்றாலும், அலட்சியம் வேண்டாம். கையிலோ, முகத்திலோ, விதைப் பையிலோ ஆறாத புண், வளரும் மரு. வாரக் கணக்கில் விடாத இருமல், சளியில் ரத்தம். மூக்கில் ஒரு பக்கம் மட்டும் அடைப்பும் ரத்தமும். காரணம் இல்லாமல் உடம்பு வெளுத்தல், ஈறில் ரத்தம், தட்டாமலே நீலத் தழும்பு... இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடம் போங்கள். எல்லாம் புற்று நோயாகத்தான் இருக்கும் என்பதில்லை. ஆனால் புற்று நோயாக இருந்தால், சீக்கிரம் கண்டுபிடிப்பது உயிரைக் காக்கும்.

டாக்டரிடம் ஒன்று மறக்காமல் சொல்லுங்கள்: என்ன வேலை பார்க்கிறீர்கள்? அதற்கு முன் என்ன வேலை பார்த்தீர்கள்? 30 ஆண்டுக்கு முன் 2 ஆண்டு சாயப் பட்டறையில் இருந்தாலும் சொல்லுங்கள். வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை எங்கே வேலை, என்ன பொருளோடு பழகினீர்கள் என்று எழுதி வையுங்கள். உங்களுக்கு எழுத நேரம் இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் மகளோ, மகனோ எழுதட்டும்.

சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய புற்று நோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும், ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளிலும் காட்டலாம்.

சட்டம் உங்கள் பக்கம்

1984-ல் போபால் விஷ வாயு ஆயிரக் கணக்கானவர்களைக் கொன்றது. அதன் பிறகு 1987-ல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. அபாயமான பொருளைப் பயன்படுத்தும் தொழிற்சாலை, அதன் ஆபத்து என்ன, தப்பும் வழி என்ன என்று தொழிலாளிக்குச் சொல்ல வேண்டும் என்று ஆயிற்று. ஆகவே, "இந்த டப்பாவில் என்ன இருக்கிறது?" என்று கேட்பது அதிகப் பிரசங்கித்தனம் அல்ல. அது உங்கள் உரிமை.

1995-ல் சுப்ரீம் கோர்ட்டு, ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில் முக்கியமான தீர்ப்புக் கொடுத்தது. ஒவ்வொரு தொழிலாளியின் உடல் நலக் குறிப்பையும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு வரை, அல்லது வேலையை விட்டு 15 ஆண்டு வரை, எது பிந்தியதோ அது வரை காக்க வேண்டும் என்றது. இந்த நோய் எவ்வளவு தாமதமாக வரும் என்பதை உணர்ந்து கொடுத்த தீர்ப்பு அது.

தார், எண்ணெய் முதலியவற்றால் வரும் தோல் புற்று நோய், ஆஸ்பெஸ்டாஸால் வரும் நுரையீரல் புற்று நோய், ரசாயனத்தால் வரும் சிறுநீர்ப் பைப் புற்று நோய் ஆகியவை, நஷ்ட ஈடு பெறக் கூடிய தொழில் நோய்கள் என்று நம் நாட்டுச் சட்டப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். சம்பளச் சீட்டையும், அடையாள அட்டையையும், ஈ.எஸ்.ஐ. அட்டையையும் பத்திரமாக வைத்திருங்கள். பட்டறையில் கூலிக்கு வேலை செய்பவர்களுக்கு இவை எதுவும் கிடைப்பதில்லை. அவர்களுக்குத்தான் அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் அவசியம்.

சிறு பட்டறை நடத்துபவர்கள், "இதற்கெல்லாம் பணத்துக்கு எங்கே போவது?" என்று கேட்கலாம். தொட்டிக்கு மூடி போடவும், கை கழுவச் சோப்பும் தண்ணீரும் வைக்கவும், சாப்பிட ஒரு தனி இடம் ஒதுக்கவும் பெரும் பணம் வேண்டாம். மேலும், அந்தக் காற்றை மூச்சு வாங்குபவர்களில் பட்டறைக்காரரும் ஒருவர். அவருடைய மகனும் நாளை அங்கேதான் நிற்கப் போகிறான்.

இங்கிலாந்தில் பிரஷ் கிடைத்த பிறகும் 72 ஆண்டு பையன்களை ஏற்றினார்கள். அமெரிக்காவில் "முடியாது" என்றதை ஓர் ஆண்டில் முடித்தார்கள். நோய் வருவதற்கு 20 ஆண்டு எடுத்துக் கொள்ளலாம். தடுப்பதற்கு நாம் அவ்வளவு நாள் எடுத்துக் கொள்ளக் கூடாது. நாளைத் திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போனதும் முதல் காரியமாக, உங்கள் பக்கத்தில் திறந்து கிடக்கும் டப்பாவை மூடுங்கள்.